நாற்பது நாள் புனிதன்

நான் ஒரு தவக்காலம் முழுக்க எங்கள் நீலசந்திரா தெருவில் புனிதனாக இருந்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீடுகள் பத்துப் பதினைந்து சேர்ந்து வாரம் ஒருமுறை செபம் சொல்லும் எங்கள் அன்பியத்தில், பெண்கள் என்னைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் நான் கோயிலில் கடைசி வரிசை ஆசாமி. பிரசங்கம் நீண்டால் நைசாக வெளியே நழுவி, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு, நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க மட்டும் உள்ளே வருகிறவன். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பதவி உயர்வைக் கொடுத்தது ஒரே ஒரு பொய்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சிவாஜிநகர் பக்கம் ஒரு பேக்கரியில் ஐசிங் மாஸ்டர். கேக் சுடுவது வேறொருவர். அதன் மேல் பூவும் பெயரும் போடுவது நான். இருபத்தாறு வருடமாக வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் கலந்து, பதம் சரியா என்று நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து, வயிறு ஏப்ரனை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. மனைவி ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தபோது அழுதோம் என்பது உண்மை. அடுத்த வாரமே அந்தத் தனிமை இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிற்று என்பதும் உண்மை.

அங்கேதான் சிக்கல் வந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை ஊறப்போடுவதற்குக் கொஞ்சம் முன்னால். நேராகவே எழுதிவிடுகிறேன்: எனக்கு விறைப்பு வரவில்லை. சில நாள் வந்தது, பாதியில் போய்விட்டது. ஆசைக்கு ஒன்றும் குறைவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதல் தடவை அலைச்சல் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை வயசாகிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நினைப்பதையே விட்டுவிட்டு, சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பல் வலி, இடுப்பு வலி, காலையில் சீக்கிரம் ஷிப்ட். அவள் ஒவ்வொரு தடவையும் "பரவால்லங்க, தூங்குங்க" என்பாள். அவள் சொன்னது அன்பினால்தான். எனக்கு அது இரக்கம் மாதிரிக் கேட்டது, கேட்கக் கேட்கக் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டிய கோபத்தை ரசத்தில் உப்பு இல்லை என்று அவள் மேல் இறக்கிவைத்தேன்.

டாக்டரிடம் போகலாமே என்று கேட்பீர்கள். எதற்குப் போவது? எனக்கு ஒரு வலியும் இல்லை. இருபது கிலோ மைதா மூட்டையைத் தூக்கி வைப்பேன். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அது வயிற்றின் கைங்கரியம். மற்றபடி நான் திடமாகத்தான் இருந்தேன். இந்த ஒரு விஷயத்துக்காகச் சீட்டு எழுதி வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் முன்னால் வாயைத் திறந்து சொல்வதை விட, ஆயுசு முழுக்கப் பல் வலியோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது.

பொங்கல் தாண்டுவதற்குள் கைவசம் இருந்த சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அந்த நேரத்தில் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்குள் மின்சார விளக்குப் போட்டாற்போல ஒரு யோசனை. தவக்காலத்தில் கறி மீனை விடுகிறவர்கள் உண்டு, குடியை விடுகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டியே விலகி இருந்து ஒறுத்தல் செய்வார்கள் என்று எங்கேயோ கேட்டிருந்தேன்.

"இந்தத் தவக்காலம் நான் முழு ஒறுத்தல்," என்றேன்.

"கறி மீனா?" என்று கேட்டாள் மனைவி.

"கறி, மீன், முட்டை எல்லாம். அப்புறம்..." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "நாம கூட தனித்தனியா படுத்துக்கலாம். நாப்பது நாள்."

அவள் கையில் கரண்டியோடு நின்றாள். வெள்ளிக்கிழமை கறி இல்லாத சுத்தபோசனத்துக்கே முணுமுணுக்கிறவன் இப்படிப் பேசினால் யாருக்குமே கரண்டி நின்றுபோகும்.

"யாருக்காக வேண்டிக்கிட்டீங்க?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "பொண்ணுக்காக. பரீட்சை வருதில்ல?" என்றேன். எங்கள் பெண் படிப்பில் புலி. அவளுக்காக யாரும் ஒருசந்தி இருக்கவே தேவையில்லை.

"சரிங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நானும் காபிய விட்டுடறேன்," என்றாள். காபி இல்லாமல் ஒரு நாள் கூட விடியாதவள் அவள். எனக்கு நெஞ்சில் முள் குத்தியது. ஆனாலும் நாற்பது நாள் விடுதலை கிடைத்த நிம்மதி, அந்த முள்ளை மூடிவிட்டது.

படுக்கை விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் நான் பெரிய ஒறுத்தலில் இருக்கிறேன் என்று மட்டும் அன்பியத்தில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், ஊர் என்னைத் தூக்கிவைத்துக்கொண்டது. செபக் கூட்டத்தில் என்னை மன்றாட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒரு அம்மாள் தன் மருமகளுக்குக் குழந்தை வேண்டும் என்று என்னிடம் வந்து செபிக்கச் சொன்னாள். என்னிடம்! அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றும் தோன்றியது.

பேக்கரியில் இன்னும் மோசம். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் ஒட்டிக்கொண்டு வந்தன. எங்கள் அடுப்பு மாஸ்டர் பாய், நாள் முழுக்க அந்த அனலில் நின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் வைக்காதவர். நான் முட்டை பஃப்ஸைத் தொடவில்லை என்று கண்டதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அரே, நீயும் நோன்பு, நானும் நோன்பு. அல்லா ரெண்டு பேரையும் பாத்துக்கறான்பா," என்று என் தோளைத் தட்டினார். அவர் தட்டிவிட்டு உள்ளே போனதும் நான் பின்பக்கம் போய் சிகரெட் பற்றவைத்தேன். ஆம், சிகரெட்டை மட்டும் விடவில்லை. விரதமே பொய், அதற்கு எதற்கு அதையும் விட வேண்டும் என்பது என் கணக்கு.

நாட்கள் ஓடின. பேக்கரியில் முந்திரியும் சர்க்கரையும் அரைத்து மர்சிபான் முட்டைகள் செய்ய ஆரம்பித்தோம். இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தட்டுத் தட்டாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஈஸ்டர் வாழ்த்து எழுத வேண்டும். கண்டோன்மென்ட் முழுக்க ஈஸ்டருக்காகக் காத்திருந்தது. நான் ஒருவன் மட்டும்தான் அது வராமல் இருக்க வேண்டும் என்று விரும்பியிருப்பேன். ஒறுத்தல் முடிந்த அன்று என்ன சொல்வேன்? ஒரு நாள் ஒரு முட்டையில் எழுத்து கோணலாகப் போயிற்று. இருபத்தாறு வருடத்தில் அது நடந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத் திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் கோயிலில் பொதுப் பாவசங்கீர்த்தனம். பல பங்குகளிலிருந்து ஏழெட்டு சாமியார்கள் வந்து மூலைக்கு ஒருவராக உட்காருவார்கள். என்னை அடையாளம் தெரியாத முகமாகப் பார்த்து, வயசில் சின்னவராக இருந்த ஒரு ஃபாதரின் வரிசையில் நின்றேன். முப்பது வயது இருக்கலாம். முழங்காலிட்டதும் வழக்கமான பாவங்களை வரிசையாகச் சொன்னேன். கோபப்பட்டேன், பூசைக்கு வரவில்லை, முதலாளியைத் திட்டினேன். பிறகு, "ஒறுத்தல்னு ஒரு பொய் சொன்னேன் ஃபாதர்," என்றேன்.

"இன்னா பொய்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த, இயேசு சிலுவையில் உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"எத்தனை மாசமா?" என்று கேட்டார்.

"அஞ்சாறு மாசம் இருக்கும்."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"அண்ணா, உடம்பு முடியாதது பாவம் இல்ல. பொய் சொன்னதுதான் பாவம். அதுக்கு அபராதம் ரெண்டு. ஒண்ணு, டாக்டரப் பாருங்க. ரெண்டு, ஈஸ்டருக்கு முன்னாடி வீட்ல உண்மையச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவசங்கீர்த்தனம் என்றால் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்வார்கள், எழுந்து போய்விடலாம் என்று வந்தவன் நான். "ஃபாதர், அதுக்குப் பதிலா ஐம்பத்து மூணு மணி ஜெபம் சொல்லிடறேனே," என்றேன்.

"வேணாம்."

"மூணு தடவ சொல்றேன். முழங்கால்ல நின்னு."

"அண்ணா, இன்னா இது, ரசல் மார்க்கெட்ல காய் வாங்கறோமா? நான் சொன்னதுதான்." பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் குரலைத் தணித்து, "பயப்படாதீங்க. அவங்க உங்க வீட்டுக்காரங்கதானே, போலீஸ் இல்லயே," என்று சொல்லி மன்னிப்பு வழங்கிவிட்டார்.

இரண்டில் எளிதானது டாக்டர் என்று முடிவு செய்தேன். மறுநாளே பேக்கரியில் பொய் சொல்லாமல் "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் நேரம், உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். கன்னடக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், மூக்குக் கண்ணாடி. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள், "ஏனு தொந்தரே? என்ன தொந்தரவு, சொல்லுங்க," என்றார். சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தசை கூட அசையவில்லை. சளி இருமல் என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருப்பார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் வேறு. சிகரெட் எத்தனை? சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்? படி ஏறினால் மூச்சு வாங்குமா? அப்பா இருக்கிறாரா? அப்பா ஐம்பத்து நான்கு வயதில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனார் என்று சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்தார், கூடியிருந்தது. ஈசிஜி எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மிக்ஸி ஓடவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், அவர் மிக்ஸியைத் தொடாமல் வீட்டு ஒயரிங் முழுவதையும் சோதிப்பது போல இருந்தது.

"மேடம், நான் வந்தது அதுக்கில்ல," என்றேன்.

"கொத்து, தெரியும்," என்றார். ஒரு காகிதத்தை இழுத்து இரண்டு குழாய் வரைந்தார், ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். "இந்த விஷயம் நடக்கணும்னா அங்க ரத்தம் நல்லா ஓடணும். அங்க இருக்கற குழாய் சின்னது. ஹார்ட்ல இருக்கற குழாய் அதவிடப் பெருசு. உள்ள கொழுப்பு படிஞ்சா, குழாய் விரிஞ்சு கொடுக்கறது நின்னுபோனா, சின்னதுதான் மொதல்ல மாட்டிக்கும். பெருசு சும்மா இருக்கும். சில வருஷம் கழிச்சுதான் சொல்லும். சில பேருக்குச் சொல்லாமலே முடிச்சிடும்." பேனாவால் மெல்லிய குழாயைத் தட்டினார். "எல்லாருக்கும் இது ஹார்ட் இல்ல. டென்ஷன் இருக்கலாம், சுகர் இருக்கலாம், ஹார்மோன் இருக்கலாம். ஆனா உங்க வயசுல, சிகரெட், பிபி, அப்பா கதை எல்லாம் சேர்த்து, பாக்காம விடக் கூடாது."

அது வரைக்கும் ஆண்மை என்பது ஒரு ஊரிலும் நெஞ்சு என்பது வேறு ஊரிலும் இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே ரத்தம்தான் போய் வருகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தவக்கால ஒறுத்தலில் இருக்கிறேன், கறி மீன் எல்லாம் விட்டுவிட்டேன் என்று பெருமையாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "சிகரெட்?" என்றார். விடவில்லை என்று தலையாட்டினேன். "நாப்பது நாள் விரதம் இருந்து தப்பான ஐட்டத்த விட்டிருக்கீங்க," என்றார்.

புதன்கிழமை டிரெட்மில்லில் ஓட விட்டார்கள். மார்பு முழுக்க ஒயர், கீழே என் பழைய கான்வாஸ் ஷூ. எனக்கு வேர்த்ததே தவிர வலி இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் இறங்கினேன். ஆனால் கடைசி நிமிடங்களில் ஈசிஜி கோடு மாறியிருந்ததாம். டாக்டர் பார்த்துவிட்டு, ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ஆஞ்சியோகிராம் செய்துவிடலாம் என்றார். "அதுவரைக்கும் மூட்டை கீட்டை தூக்கக் கூடாது. வீட்ல இருந்து ஒருத்தர் வரணும், கையெழுத்துப் போட. மிஸஸ கூட்டிட்டு வாங்க," என்றார். சாமியார் சொன்னதும் டாக்டர் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து முடிந்தன.

அன்று மாலையிலிருந்து எனக்கு உண்மையான பயம். அதுவரை மானம் போய்விடும் என்று பயந்தவன், இப்போது உயிரே போய்விடும் என்று பயந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அப்பா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த விதம் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை நாள் முழுக்க ஹாட் கிராஸ் பன்களுக்குச் சிலுவைக் கோடு இழுத்தேன். இழுத்துக்கொண்டே அவளிடம் சொல்வதற்கு ஐம்பது விதமாக வாக்கியம் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

பெரிய வெள்ளிக் காலை சிலுவைப்பாதை. கோயில் உபதேசியார் வழக்கம்போலச் சிலுவையை என் பக்கம் நீட்டினார். டாக்டர் பேச்சு நினைவு வந்து, "வேற யாருக்காவது கொடுங்க. எனக்கு அந்தத் தகுதி இல்ல," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சுத்தமான உண்மைகளில் அதுவும் ஒன்று. "பாத்தியா, எவ்ளோ தாழ்ச்சி!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், பெருமையில். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மணிச் சடங்கு முடிந்து சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்த பிறகு கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். துவையலும் மாங்காய் ஊறுகாயும். நான் இரண்டு பேருக்கும் வாங்கிக்கொண்டு, மதில் ஓரமாகக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி உட்காரும்படி அவளைக் கூட்டிப்போனேன். இந்த இடத்தை நான் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். பெரிய வெள்ளி அன்று, கோயில் வளாகத்தில், கஞ்சித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் கத்த மாட்டாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். "நான் பொண்ணுக்காக ஒண்ணும் வேண்டிக்கல. ஒறுத்தலும் இல்ல. எனக்கு முடியல. அஞ்சாறு மாசமா. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தது. அதான் சாமி மேல போட்டேன்."

அவள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முடியலன்னா? ஆசை இல்லன்னா?"

"ஆசை இருக்கு. உடம்பு கேக்கல."

"என் மேல ஆசை இருக்கா?"

"பின்ன யார் மேல?"

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பார்த்தால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கர்ப்பப்பை எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதனாலதான் இப்ப உங்களுக்கு என்னைப் புடிக்காம போயிடுச்சு, கிட்ட வர அருவருப்பா இருக்குன்னு நெனச்சேன். அத நேரா சொல்ல முடியாம ஒறுத்தல்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நானும் பொண்ணுக்காக வேண்டிக்கலங்க. அவ பாஸ் ஆயிடுவா. உங்களுக்கு என் மேல திரும்ப ஆசை வரணும்னுதான் நாப்பது நாள் காபி குடிக்கல."

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன பொய்யை, அவள் தன் உடம்பின் மேல் விழுந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நாற்பது நாள் ஒரே வீட்டில் தனியாக நடமாடியிருக்கிறாள். நான் பாவி என்று அன்று காலைதான் எல்லோரோடும் சேர்ந்து மார்பில் தட்டிக்கொண்டேன். மாலையில்தான் அதன் பொருள் தெரிந்தது.

"இன்னொண்ணு இருக்கு," என்று ஆரம்பித்து, டாக்டர், குழாய், டிரெட்மில், செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அறிவு இருக்கா உங்களுக்கு? மொதல்ல இதச் சொல்ல மாட்டீங்களா? முட்டாள்! சுத்த முட்டாள்!" என்று கத்தியேவிட்டாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். என் புனிதப் பட்டம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. எனக்குக் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றியது மாதிரி நிம்மதியாக இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு சாப்பாட்டுக்கு ஒக்கலிபுரத்திலிருந்து அம்மா வந்தார். அங்கே என் தம்பி வீட்டில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை விஷயத்தை அவரிடம் மறைக்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். மறைத்தது போதும் என்ற முடிவில் அவள் இருந்தாள். பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும்போது சமையலறையில் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். ஹாலில் இருந்த எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

"அவங்க அப்பாவும் கடைசி ரெண்டு மூணு வருஷம் ஹால்லதான் பாய் போட்டாரு. கோயில் மூணாம் சபைல சேந்துட்டேன், இனிமே எனக்குச் சாமி காரியம்தான்னாரு. தெனம் காலையில பூசை. ஊரே புண்ணியவான்னு சொல்லிச்சு. நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். எனக்கு நாப்பத்தஞ்சு வயசு அப்ப. நான் இன்னா கேக்கறது?" கத்தி நின்றது. "அவர் ஒண்ணுமே சொல்லலம்மா."

அப்பா எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று போய்விட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு நிஜமாகவே பக்தி வந்திருக்கலாம். தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் என் சட்டையைப் போலவே ஒரு சட்டையை அவர் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் மேல் கோபம் வந்தது, அடுத்த நிமிடம் பாவமாக இருந்தது. அவருக்கு ஒரு வரிசையில் நிற்க, ஒரு சின்ன வயசு சாமியார் கிடைக்கவில்லையே என்று இருந்தது. பிரியாணி அன்று எனக்கு இறங்கவில்லை. மூன்று பேரும் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் கை அமைதியாக இருந்தது. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, "நான் இங்கயேதான் இருப்பேன்," என்று மட்டும் சொன்னாள். உள்ளே குளிர். வலது மணிக்கட்டில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, அதன் வழியாக மெல்லிய ஒயரை ஏற்றினார்கள். மருந்து ஓடும்போது உடம்புக்குள் வெதுவெதுப்பாக ஒன்று பரவியது. தலைக்குப் பக்கத்துத் திரையில் என் இதயத்துக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிருந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஸ்டென்ட் வேண்டா," என்று யாரோ சொன்னது கேட்டது.

வார்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். எட்டுக் கட்டில்கள் இருந்த பெரிய வார்டு. மனைவி என் கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தொடாமல் விரல் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் என் மூக்குக் கண்ணாடி டாக்டர் இரண்டு நர்ஸ்களோடு வந்தார். ஒரு குழாயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடைப்பு, மற்றவை பரவாயில்லை, மாத்திரையிலும் நடையிலும் பிடித்துவிடலாம் என்று விளக்கினார். சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, கொழுப்பு கூட. "சிகரெட் இன்னிக்கே முடிஞ்சது. கொத்தாயித்தா, புரிஞ்சுதா? இத கண்டுபிடிக்காம இப்படியே ஓடியிருந்தா, ஒரு நாள் நேரா எமர்ஜென்சிக்கு வந்திருக்கலாம். உங்களுக்கு உடம்பு முன்னாடியே சொல்லிடுச்சு. நீங்களும் வந்து சொன்னீங்க. அது ரொம்ப ஒள்ளேது, நல்லது." பிறகு வழக்கம்போல, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இருக்கு டாக்டர்," என்றாள் என் மனைவி. எழுந்து நின்றாள். முப்பது குழந்தைகளுக்குக் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பேசிப் பழகிய குரல் அது, அவளுக்கு அதைக் குறைக்கத் தெரியாது. "இவர் மொதல்ல எதுக்கு உங்ககிட்ட வந்தாரோ, அது எப்ப சரியாகும்?"

எதிர்க் கட்டிலில் பால் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். ஒரு நர்ஸ் கையிலிருந்த சார்ட்டை ரொம்ப கவனமாகப் படித்தாள். டாக்டர் மட்டும் முதல் முறையாகச் சிரித்தார்.

"தெனமும் நடக்கட்டும், பிபி இறங்கட்டும், சிகரெட் புகை உடம்பவிட்டுப் போகட்டும். மெதுவா வரும். முழுசா வரலன்னா அதுக்கு மாத்திரை இருக்கு, நான் பாத்துக் கொடுக்கறேன். கடையில தானா வாங்கி முழுங்க வேண்டா. மூணு மாசம் பாக்கலாமா?"

"மூணு மாசம் என்ன, எவ்ளோ நாளானாலும் பொறுத்துக்கறோம் டாக்டர்," என்றாள் அவள். "ஆள் இருந்தா போதும்."

அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். பெரியவர் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். நான் ஆறு மாதமாக யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்தது ஒரு வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது, ஒன்றும் ஆகிவிடவில்லை. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

"வலிக்குதாங்க?" என்று போர்வைக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

இல்லை என்றேன். அது உண்மை.